பழைய லேப்டாப் ரொம்ப ஸ்லோ, கடையில் மதர்போர்டு போச்சு என்கிறார்கள். பி.காம் சேரும் மகளுக்கு 50,000-க்குள் எதை வாங்கலாம்?

எதை வாங்கலாம் என்பதற்கு அப்புறம் வருகிறேன். 2019-ல் வாங்கியது, ஆன் ஆகவே ஐந்து நிமிஷம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆன் ஆகிறது. ஆன் ஆகி, விண்டோஸ் வந்து, மகள் அதில் யூடியூபும் பார்க்கிறாள் என்றால், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் அந்த மதர்போர்டு எங்கே போனது? போர்டில் ஒரு பகுதி மட்டும் கெட்டு அரைகுறையாக ஓடுவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அப்போது யுஎஸ்பி வேலை செய்யாது, சார்ஜ் ஏறாது, நடுவில் பட்டென்று அணையும். வெறுமனே ஸ்லோவாக இருப்பது அதற்கு அடையாளம் இல்லை.

இதே வசனத்தை என்னிடமும் சொன்னார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். லேப்டாப் என்னுடைய சொந்தக் காசில் வாங்கியது, இன்டெலின் 8ஆம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அந்த வருஷங்களில் நம்மைப் போன்றவர்கள் வாங்கியது பெரும்பாலும் இந்த வகைதான், உங்களுடையதும் இதுவாகத்தான் இருக்கும். மாதா மாதம் போடும் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்கு 20ஆம் தேதி கடைசி நாள். அதற்கு முந்தின நாள் பார்த்து எக்செல் திறந்தால் வெள்ளையாக நிற்கிறது, கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தினமும் சாயங்காலம் டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்து வைப்பது வழக்கம் என்பதால் ஆபீஸ் சிஸ்டத்தில் போட்டு வேலையை முடித்தேன். முடித்த கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட பெரிய கடை. கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆன் செய்தார், வட்டம் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அவ்வளவுதான். “போர்டு போயிருச்சுங்க மேடம். மாத்தணும்னா பதினெட்டாயிரம் ஆகும். பேசாம எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கங்க, நாலாயிரம் போட்டுக்கலாம்” என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். “வீட்டுல சார் இருந்தா கூட்டிட்டு வாங்க, விளக்கமா சொல்றேன்” என்றார். அடுத்தவர்களுடைய கம்பெனி வரவு செலவை ஒரு ரூபாய் பிசகாமல் டேலி செய்வதுதான் என் பிழைப்பு. ஒரு லேப்டாப்பில் எது கெட்டிருக்கிறது என்று சொன்னால் எனக்குப் புரியாதா? இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு சின்னக் கடை இருக்கிறது என்று ஆபீசில் சொன்னார்கள். அங்கே இருந்த தம்பி முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வந்தது. ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி வைத்தார். சிபியு, அதாவது பிராசஸர், பத்து சதவீதம்கூட இல்லை. மெமரி, அதாவது ரேம், தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது. டிஸ்க் நூறு, அந்தக் கட்டம் மட்டும் கடும் ஆரஞ்சில். “ஏனுங்கக்கா, போர்டு போயிருந்தா இந்த ஸ்கிரீனே வராதுங்களே. பாருங்க, சிபியு சும்மா உக்காந்திருக்குது. ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குது” என்றார். பெரிய கடையில் கேட்ட கேள்விக்கு இங்கே கேட்காமலே பதில் கிடைத்தது.

விஷயம் இதுதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று. படிக்கும் முனை ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் இடம் மாறி மாறி ஓட வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் ஒரே ஆள் ஓடி ஓடி ஃபைல் எடுத்துக் கொடுப்பது மாதிரி, வினாடிக்குச் சுமார் நூறு துண்டு எடுப்பதே பெரிய காரியம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி-யில் சுற்றுவது எதுவும் இல்லை, அதே வேலையைப் பல்லாயிரக் கணக்கில் செய்யும். இதில் ரேமும் 4 ஜிபி மட்டும் என்றால், இடம் போதாமல் விண்டோஸ் மிச்சத்தையும் அந்த டிஸ்க்கிலேயே கொண்டுபோய் வைக்கும், திரும்ப எடுக்கும். ஏற்கெனவே திணறுகிற டிஸ்க்கின் மேல் இன்னும் பாரம். ஐ5 என்று பெருமையாக ஸ்டிக்கர் ஒட்டி என்ன பிரயோஜனம்?

500 ஜிபி எஸ்எஸ்டி, கூட 8 ஜிபி ரேம், இரண்டும் சேர்ந்து அப்போது ஆறாயிரத்துக்குள் முடிந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுக் கொடுத்தார், இப்போது பேக்கப் அதில்தான். இன்றைக்கும் அதே லேப்டாப்தான், விண்டோஸ் 11 ஓடுகிறது. காலையில் பட்டனை அழுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் பாஸ்வேர்டு கேட்கிறது.

கமெண்டில் வந்து அடிப்பதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கடைக்காரர் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, சின்னக் கடையில் நல்ல ரேமைக் கழற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் சொன்ன விலை இப்போது கிடைக்காது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்பு போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, எஸ்எஸ்டி-யும் கூடவே. கையில் காசு குறைவென்றால் முதலில் எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள், பெரிய வித்தியாசம் அதில்தான். நான் இன்ஜினியர் இல்லை. ஆனால் டாஸ்க் மேனேஜரைப் பார்க்க இன்ஜினியர் ஆகத் தேவையும் இல்லை.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியது இன்னும் இருக்கிறது. ஒரு நாள் ஆனே ஆகவில்லை என்றால் பதறாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மறுபடி சார்ஜர் போட்டுப் பாருங்கள், பல சமயம் எழுந்துகொள்ளும். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு என்றால் ரேம்மேல் சந்தேகப்படலாம். அந்தத் தம்பி பின்னாலொரு தடவை என் கண் முன்னால் செய்தார். ரேமைக் கழற்றி, அதன் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ‘டக்’ என்று சத்தம் வரும்படி திரும்ப மாட்டினார். ஸ்கிரீன் வந்துவிட்டது. இதற்கும் ‘போர்டு போச்சு’ என்று சொல்லுகிற கடைகள் இருக்கின்றன. சூடாகி அணைந்தால் ஃபேனில் தூசி, சுத்தம் செய்து, பிராசஸர் மேல் சூடு கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட்டை மாற்றினால் பெரும்பாலும் போதும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள், பேட்டரி உப்பியிருக்கிறது, அமுக்கவும் கூடாது.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன், டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீ-யை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 48 இலக்கம், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்களில் பெரும்பாலும் அந்தப் பூட்டு தானாகவே ஆன் ஆகியிருக்கும். போர்டில் ஏதாவது மாற்றினால் அந்த எண்ணைக் கேட்கும், கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எதையும் எடுக்க முடியாது.

மெட்டல் பாடி லேப்டாப்பில் சார்ஜ் போட்டிருக்கும்போது கை வைத்தால் ‘விர்’ரென்று இருக்கிறது என்றும் பலர் கடைக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் லேப்டாப்பில் குறை இருக்காது. சார்ஜரில் உள்ள ஃபில்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் கசிவது இயல்பு, வீட்டில் எர்த் சரியாக இல்லையென்றால் அது பாடியில் தெரியும். எங்கள் வாடகை வீட்டில் அதுதான். மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கிறது, பின்னால் எர்த் ஒயரே இல்லை. ஓனரிடம் சொன்னால் “இத்தனை வருஷம் குடியிருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே” என்கிறார். வருஷா வருஷம் வாடகை ஏற்ற மறப்பதில்லை.  குழந்தைகள் ஈரக் கையோடு கிரைண்டர் சுவிட்சைத் தொடுகிற வீடு அது. ஒரு எர்த் கம்பி போட என்ன செலவாகிவிடும்? வாடகை வீட்டில் இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் இதைப் பாருங்கள்.

சரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால். பி.காமுக்கு டாலி, எக்செல், பிபிடி, ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான். காலேஜ் வாட்ஸப் குரூப்பில் ஐ7 இல்லாமல் முடியாது என்று யாராவது போடுவார்கள், கேட்காதீர்கள். 2016-ல் வந்த ஐ7-7500யு-வில் கோர், அதாவது பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி, இரண்டுதான். 2022-ல் வந்த ஐ3-1215யு-வில் ஆறு கோர். பழையதைத் துடைத்து ‘ஐ7, வெறும் இருபதாயிரம்’ என்று விற்கிறார்கள், அதற்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஏஎம்டி-யின் ரைசன் பிராசஸரிலும் எண்ணைப் பார்க்க வேண்டும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்தக் காலத்து வடிவமைப்பு என்று சொல்கிறது. 7520யு என்றால் ஜென் 2 என்ற வடிவமைப்பு, அது 2019-ல் வந்தது. 7530யு என்றால் அதற்கு அடுத்த ஜென் 3. ஒரே ஒரு இலக்க வித்தியாசம், கடையில் இரண்டையும் ‘ரைசன் 5’ என்றுதான் சொல்வார்கள். 7520யு-வில் ரேம் எப்போதுமே போர்டோடு ஒட்டியது, 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். மூன்று வருஷம் படிக்கிற பிள்ளைக்கு அப்புறம் ரேம் கூட்ட ஒரு ஸ்லாட்டாவது இருக்கும் மாடலாகப் பாருங்கள். ஸ்கிரீன் ஐபிஎஸ்-ஆ என்று கேளுங்கள், பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் மாறக் கூடாது. கீபோர்டில் ஒரு பாரா டைப் அடித்துப் பாருங்கள், விற்பவர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கு ராத்திரி அந்த லேப்டாப்பை ஆன் செய்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க், மெமரி இரண்டும் எத்தனை சதவீதம் காட்டுகிறது, பிராசஸர் பெயர் என்ன என்று கீழே எழுதுங்கள். இன்டெலில் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் விண்டோஸ் 11-க்கும் போகலாம், எந்த எஸ்எஸ்டி பொருந்தும் என்று நானே பார்த்துச் சொல்கிறேன். கடையில் மறுபடியும் போர்டு என்றே சொன்னால், என்ன சோதித்தார்கள், எந்தப் பாகம் பழுது என்று பில் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.