ஒரே படி, மூன்று ஆய்வுகூடம், மூன்று விடை

கல்முனை ஆசிரியர் ஒருவர்: 1 கிலோ படி (எடைக்கல்) ஒன்றை மூன்று ஆய்வுகூடங்கள் நிறுத்தன. 12, 14, 24 மில்லிகிராம் கூட என்று வந்தது. மூன்றுமே நிச்சயமின்மை, அதாவது விடை இருபக்கமும் விலகக்கூடிய அளவு, 2 மில்லிகிராம் என்கின்றன. சராசரி எடுத்தால் போதும்தானே?

போதாது சேர். சராசரி 16.7, நிச்சயமின்மை 1.2 என்று வரும். பார்க்க நல்ல எண்தான், ஆனால் மூன்று கூடத்தில் ஒன்றுகூட அதைக் காணவில்லை. முதலில் ஒவ்வொரு விடையும் சராசரியிலிருந்து விலகும் அளவை அதன் நிச்சயமின்மையால் வகுத்து, வர்க்கித்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். இங்கே 20.7 வரும். மூன்று கூடத்துக்கு 95 வீத எல்லை 5.99, அதாவது சொன்ன நிச்சயமின்மை சரியென்றால் நூற்றில் 95 தடவை கூட்டுத்தொகை இதைத் தாண்டாது. ஆக, யாரோ நிச்சயமின்மையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது படியே வழியில் மாறிவிட்டது.

வந்தாறுமூலை மாணவி: அப்போ 24 சொன்ன கூடத்தை விட்டுவிடலாமா?

வேண்டாம் தங்கச்சி. தனியாக நிற்பது மட்டும் குற்றமில்லை. மற்ற இரண்டும் ஒப்பிடுவதற்கான ஒரே மூலப்படியை வைத்து அளவுதிருத்தம் செய்திருந்தால், இரண்டும் ஒரே பிழையைத்தான் சொல்லும். முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஏசி அறையில் குளிர்ந்த படியை உடனே நம் வெளிக்காற்றில் எடுத்தால் மேலே ஈரம் படியும், சில மில்லிகிராம் தாராளமாகக் கூடும். உப்புக்காற்றில் துருவும் ஏறும். காரணம் கையில் சிக்கினால், அந்தக் கூடத்தின் சம்மதத்தோடு திருத்தலாம், மறுபடி நிறுக்கலாம்.

சிக்காவிட்டால் மூன்றையும் வைத்துக்கொண்டு, நிச்சயமின்மையில் கூடங்களுக்கிடையிலான அறியாத வேறுபாடு என்று ஒரு கூறைச் சேர்க்க வேண்டும். இங்கே அது ஏறக்குறைய 6 மில்லிகிராம். சேர்த்தால் 16.7, நிச்சயமின்மை 3.7. இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் 14ஐ, எடுப்பவர்களும் உண்டு. மூன்றே மூன்று விடைக்கு எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எந்த வழியில் போனாலும் மூன்று விடைகளையும் அறிக்கையில் போடுங்கள். மறைத்த விடையால் யாருக்கும் பயனில்லை.

அக்கரைப்பற்று வாசகர்: பெரிய நாடுகளிலும் இப்படி முரண்படுமா?

நன்றாகவே. 2019 மே 20 முதல் கிலோகிராம், ஒரு உலோக உருளைக்குப் பதிலாக, பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்கை எண்ணால் வரையறுக்கப்படுகிறது. ஆனால் அந்த எண்ணிலிருந்து கிலோகிராமை எடுக்க உதவும் கிப்பிள் தராசும் (எடையை மின்விசையோடு ஒப்பிடுவது) சிலிக்கன் கோளமும் (அணுக்களை எண்ணப் பயன்படுவது) வைத்துள்ள தேசியக் கூடங்களுக்குள் போதிய இணக்கம் இன்னும் வரவில்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒரு இணக்கப் பெறுமதியைப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி பழைய உலோக உருளையின் நிறை 1 கிலோகிராமை விட 2021 பெப்ரவரியில் 2 மைக்ரோகிராம் குறைவு, 2023 மார்ச்சில் 7 மைக்ரோகிராம் குறைவு. நிச்சயமின்மை 20 மைக்ரோகிராம். யாரையும் தள்ளிவைக்காமல், முரண்பாட்டை வெளிப்படையாகச் சுமந்துகொண்டே வேலை நடக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த முறை.

வாழைச்சேனை மீன் வாங்குபவர்: சந்தைத் தராசுக்கும் இது பொருந்துமா?

அங்கே மில்லிகிராம் கணக்கு தேவையில்லை அண்ணே. தராசில் அரச முத்திரை இருக்கிறதா, வெறும் தட்டில் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள்.