கலப்பினக் குட்டியை விற்றேன், இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். எங்கள் வீட்டு லேப்ரடார் பெட்டைக்கு நான்கு வயது. உறவினரின் கோல்டன் ரெட்ரீவருடன் இணை சேர்த்ததில், இரண்டாவது ஈற்றில் ஆறு குட்டிகள் பிறந்தன. இரண்டைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, நான்கை 45ஆம் நாளில் தலா 18,000 ரூபாய்க்கு விற்றேன். மதுரையில் வாங்கியவர் எட்டு மாதம் கழித்து, குட்டி பின்காலை ஊன்ற முடியாமல் தவிப்பதாகவும், எக்ஸ்ரேயில் ஹிப் டிஸ்பிளேசியா (இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை) தெரிவதாகவும் சொல்லி, குட்டியின் விலை, சிகிச்சைச் செலவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். விற்கும்போது வாட்ஸ்அப்பில், "அப்பா அம்மா ரெண்டுக்கும் ஹெல்த் டெஸ்ட் முடிஞ்சது, கிராஸ் என்பதால் நோய் வராது" என்று எழுதியிருந்தேன். உண்மையில் தடுப்பூசி போட்டு, மருத்துவரிடம் பொதுவாகக் காட்டியது மட்டும்தான். பணம் கொடுத்தே ஆக வேண்டுமா? அடுத்த ஆண்டு இதே ஜோடியை மீண்டும் சேர்க்கலாமா?

பதில்: கேட்ட தொகை முழுவதையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஆனால் ஒன்றுமே கொடுக்க வேண்டியதில்லை என்று உறுதி சொல்லும் நிலையிலும் நீங்கள் இல்லை. உங்களுக்கு எதிராக இருப்பது குட்டியின் நோயை விட அந்த வாட்ஸ்அப் வரிதான். நாய்க்கு மரபணுப் பரிசோதனையோ இடுப்பு எக்ஸ்ரேயோ எடுத்த பிறகுதான் இணை சேர்க்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. செய்யாத பரிசோதனையைச் செய்ததாகச் சொல்லி விற்றால், அந்தச் சொல்லுக்குச் சட்டம் உங்களையே பொறுப்பாளியாக்கும்.

சட்டத்தின் பார்வையில் நாய் ஓர் அசையும் சொத்து. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பொருந்தும். உங்கள் செய்தியை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால், உண்மையல்ல என்று தெரிந்தே எழுதியிருந்தால் அது பிரிவு 17 சொல்லும் மோசடி. தடுப்பூசியையும் பொதுப் பரிசோதனையையும் "ஹெல்த் டெஸ்ட்" என்று நல்லெண்ணத்தில் நம்பி எழுதியிருந்தால் பிரிவு 18 சொல்லும் தவறான எடுத்துரைப்பு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதாகவே தோன்றுகிறது, அது உங்களுக்கு ஓரளவு துணை நிற்கும். ஏனென்றால் பிரிவு 19இன்படி, சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்ற நிலையில் இருந்தவர், தவறான எடுத்துரைப்பைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. எக்ஸ்ரே அறிக்கையைக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தின் முன் இந்த வாதத்தை மட்டும் நம்பி நிற்கச் சொல்ல மாட்டேன். அறியாத வாங்குபவரைப் பாதுகாப்பதற்காகவே ஏற்படுத்தப்பட்ட மன்றம் அது. குட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு விலை முழுவதையும் திருப்பிக் கேட்பதை மட்டும் நீங்கள் உறுதியாக மறுக்கலாம். ஒப்பந்தத்தை ரத்து செய்கிறவர் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்கிறவர் நஷ்டஈடு மட்டுமே கோர முடியும்.

இந்த நோயின் தன்மையும் உங்கள் பதிலில் இடம்பெற வேண்டும். ஹிப் டிஸ்பிளேசியா ஒரே ஒரு மரபணுவால் வருவதன்று. பல மரபணுக்கள் சேர்ந்து காரணமாகின்றன, அவற்றோடு வளரும் பருவத்தில் அதிகப்படியான தீனி, வேகமாக ஏறும் எடை, வழுக்கும் தரை ஆகியவையும் அதைக் கூட்டுகின்றன. பெற்றோர் இருவரின் இடுப்பும் நன்றாக இருந்தும் குறைபாடுள்ள குட்டி பிறப்பதுண்டு. எனவே குட்டி எந்தத் தரையில் வளர்ந்தது, என்ன தீனி உண்டது, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு எடை இருந்தது என்ற விவரங்களையும் எக்ஸ்ரே படத்தின் நகலையும் பதில் நோட்டீஸிலேயே கேளுங்கள். தனிப்பட்ட ஒரு கிளினிக்கின் சீட்டோடு நின்றுவிடாமல், திருநெல்வேலி அல்லது நாமக்கல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் குட்டியைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும் என்றும், அந்தச் செலவில் பாதியை நீங்கள் ஏற்கத் தயார் என்றும் எழுதுங்கள். பின்னால் ஆணையம் கோப்பைப் புரட்டும்போது யார் நியாயமாக நடந்துகொண்டார் என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சியாக நிற்கும்.

நோட்டீஸுக்குப் பதில் தராமல் விட்டுவிடாதீர்கள். புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், நீங்கள் மதுரைக்கு அலைய நேரும். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவருக்குக் காலம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பரிவர்த்தனை என்பதால் அவர் புகார்க் கட்டணம் கட்ட வேண்டியதும் இல்லை. ஆணையத்தின் அறிவிப்பு வந்தால் 30 நாட்களுக்குள், மிஞ்சினால் இன்னும் 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலைத் தாக்கல் செய்தாக வேண்டும். இந்த 45 நாள் வரம்பைத் தாண்ட இடமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பழைய சட்டத்தில் இருந்த இதே போன்ற பிரிவைப் பற்றித் தீர்ப்பளித்துவிட்டது. "நான் வியாபாரி அல்ல, வீட்டு நாய் போட்ட குட்டியைக் கொடுத்தேன்" என்ற வாதத்தை எழுப்பலாம். ஆனால் இரண்டாவது ஈற்று, நான்கு விற்பனை, 72,000 ரூபாய் வரவு என்ற கணக்கைப் பார்க்கும் உறுப்பினர்களுக்கு அது எளிதில் செரிக்காது. வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு அதை 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்), பிரிவு 63 மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யும். அப்போது முழு உரையாடலும் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். சமரசம் என்று முடிவானால், விலையில் ஒரு பகுதியும் நியாயமான சிகிச்சைச் செலவும் என்ற அளவில் பேசி, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் முழு இறுதித் தீர்வாகத் தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தைக் கூகுள் பேயில் அனுப்பிவிட்டு "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவது தீர்வாகாது.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, விற்பனைக்காக நாய்களை இணை சேர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். மாநகராட்சியில் வாங்கும் வளர்ப்பு நாய் உரிமம் இதற்கு ஈடாகாது. அந்த விதிகள், இனப்பெருக்கம் செய்பவரை "குறிப்பிட்ட இன" நாய்களை வைத்திருப்பவர் என்று வரையறுக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு, "குட்டி கிராஸ்தானே, விதி எனக்குப் பொருந்தாது" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வரையறை பேசுவது வைத்திருக்கும் நாயைப் பற்றி, பிறக்கும் குட்டியைப் பற்றி அல்ல. உங்கள் வீட்டில் இருப்பது கலப்பில்லாத லேப்ரடார். ஆகவே அந்தச் சந்தில் ஒளிய வேண்டாம். மேலும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. 45 நாளில் குட்டியைக் கொடுப்பது நம்மூரில் ஊறிப்போன வழக்கம் என்பதால் யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் நினைப்பார். விதியை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தொகையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அதற்கு அடுத்த சொல்லையும் படிக்க வேண்டும்.

அடுத்த ஈற்றைப் பற்றிச் சொல்கிறேன். தாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும், 12 மாதத்துக்குள் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, இணை சேர்க்கும் முன் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், குட்டிகளுக்கு மைக்ரோசிப் பொருத்தியே விற்க வேண்டும் என்பவை விதிகள் கேட்கும் குறைந்தபட்சம். ஆனால் விதி 18 மாதத்திலேயே அனுமதித்தாலும், நாய்களின் எலும்பு, மூட்டு எக்ஸ்ரேக்களைத் தரப்படுத்தும் அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்பு இடுப்பு எலும்புக்கு இறுதித் தரச் சான்று தருவது 24 மாதம் நிறைந்த பிறகுதான். பெற்றோர் இருவருக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படங்களைப் படித்துத் தரம் சொல்லப் பழகிய மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெறுங்கள். கலப்பினத்துக்கு நோய் வராது என்பது பாதி உண்மைதான். இரு இனங்களிலும் ஒரே குறை பரவியிருந்தால் கலப்பினால் அது மறைந்துவிடாது. பிஆர்சிடி-பிஆர்ஏ எனப்படும், விழித்திரை மெல்ல மெல்லத் தேய்ந்து பார்வை போகும் நோய், லேப்ரடாரிலும் கோல்டன் ரெட்ரீவரிலும் ஒரே மரபணுப் பிழையால் வருகிறது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாத இரு சுமப்பாளர்களை (அந்த மரபணுப் பிழையின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய்களை) சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒன்று சுமப்பாளராகவும் மற்றது அந்தப் பிழை இல்லாததாகவும் இருந்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுக்கும் மாதிரியே இந்தச் சோதனைக்குப் போதும். விற்பனைப் பத்திரத்தில் "பரிசோதனை முடிந்தது" என்று எழுதாமல், எந்த நாய்க்கு எந்தச் சோதனை, எந்தத் தேதியில், என்ன முடிவு என்று எழுதி, அறிக்கையின் நகலை இணைத்து, செய்யாதவற்றைச் செய்யவில்லை என்றும் எழுதுங்கள்.

இதே ஜோடியை மீண்டும் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். இருவரின் எக்ஸ்ரேயும் பார்க்காமல் சேர்க்கக் கூடாது என்பதே என் கருத்து, அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. போன முறை உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடிந்தது. இந்த நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து, இந்த ஜோடியின் குட்டி ஒன்றுக்கு இடுப்புக் குறை இருப்பதாகப் புகார் வந்துள்ளது உங்களுக்குத் தெரியும். அதை மறைத்து அடுத்த குட்டியை விற்றால், அது பிரிவு 18ஐத் தாண்டிப் பிரிவு 17க்குள் போய்விடும். மற்ற மூன்று குட்டிகளை வாங்கியவர்களுக்கும், உறவினர் இருவருக்கும், குட்டியின் நடையைக் கவனித்து ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று இந்த வாரமே எழுதிவிடுங்கள். எழுதும் முன் அந்த வாசகத்தை உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புங்கள்.