ஊரார் கட்டிய தேவாலயம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பின்லாந்து பற்றிய குறிப்பில் பெத்தாயாவெசி ஊரின் பழைய மரத் தேவாலயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். படத்தைத் தேடிப் பார்த்தேன். தானியக் கிடங்கு மாதிரி இருக்கிறது. நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் இதற்கு எப்படி யுனெஸ்கோ அங்கீகாரம்? ஏதாவது ராஜா கட்டியதா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

ராஜா இல்லை, ஊர்க்காரர்கள் கட்டியது. அதனால்தான் எனக்கு அதன்மேல் இத்தனை பிரியம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பின்லாந்து சுவீடன் ஆட்சியில் இருந்தது. பெத்தாயாவெசிக்காரர்கள் சேர்ந்திருந்த தாய்ச்சபை யாம்சா என்ற ஊரில். வழிபாட்டுக்குக் காடும் ஏரியும் கடந்து போகவேண்டும். தங்களுக்கென்று ஒன்று கட்டிக்கொள்ள முடிவெடுத்தார்கள். யாக்கோ லெப்பானென் என்ற தச்சர் தலைமையில் 1763 முதல் 1765க்குள் வேலை முடிந்தது. இடத்தையும் யோசித்தே தேர்ந்திருக்கிறார்கள். இரண்டு ஏரிகளுக்கு நடுவே நீளும் நிலம். கோடையில் படகில் வரலாம், குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நடந்தே வரலாம்.

வெளியே நின்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். உள்ளே போய் அண்ணாந்து பார்க்கவேண்டும். சிலுவை வடிவக் கூடம், வளைந்த மரக் கூரை, நடுவில் எண்கோணக் குவிமாடம். ஐரோப்பிய நகரங்களில் கல்லில் கட்டிய வளைவுகளைப் பைன் பலகையில் செய்திருக்கிறார்கள். கல் கூரை நிற்க வளைவு வேண்டும், மரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அழகுக்காக மட்டுமே இவ்வளவு பாடு! பிரசங்க மேடையை அடியில் புனித கிறிஸ்டோபர் தாங்கி நிற்கிறார். கொஞ்சம் முரட்டுச் செதுக்கல்தான், நகரத்துச் சிற்பி பார்த்தால் சிரித்திருப்பான். எனக்கு அந்த முகம் பிடிக்கும்.

மணிக்கூண்டை 1821இல் யாக்கோவின் பேரன் எர்க்கி கட்டினார். 1879இல் புதிய தேவாலயம் வந்ததும் பழையதைக் கைவிட்டுவிட்டார்கள். அது தப்பியதே அதனால்தான் என்பேன். தொடர்ந்து புழங்கியிருந்தால் கணப்பு வைத்திருப்பார்கள், சுவருக்குப் புது வண்ணம் அடித்திருப்பார்கள், அப்புறம் என்ன மிஞ்சும்? 1920களில் வியன்னாவின் கலை வரலாற்றுப் பேராசிரியர் யோசப் ஸ்ட்ரிகோவ்ஸ்கி அதன் அருமையைச் சுட்டிக்காட்டிய பிறகு பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 1994இல்.

போவதானால் கோடையில் போங்கள். யுவஸ்குலா நகரிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். உள்ளே இன்றும் கணப்பு கிடையாது, வழிபாடும் கல்யாணங்களும் கோடையில்தான்.