அம்மாவின் 1,200 ரூபாய்க்காக வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் தாமிரபரணிக் கரையோரக் கிராமம். அப்பா 2014-இல் காலமானார், உயில் எதுவும் எழுதவில்லை. அம்மாவுக்கு 69 வயது. பீடி சுற்றிப் பிழைத்தவர், இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது, ஏழு மாதமாக நின்றுவிட்டது. தாலுகா ஆபீஸில் கேட்டால், “வீடு உங்க அம்மா பேர்ல இருக்கு, மூன்றரை லட்சம் மதிப்பு, தகுதி இல்லை” என்று வாயால்தான் சொல்கிறார்கள். வி.ஏ.ஓ. மரியாதையில்லாமல் பேசினார். அடுத்த தெருவில் மாடி வீட்டுக்காரருக்குக்கூட பணம் வருகிறது. அம்மா அண்ணன் குடும்பத்தோடு ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறார். மதினி வேளைக்குச் சோறு போடுவதில்லை. “வீட்டை என் பேருக்கு எழுதிட்டா அம்மைக்கு பென்ஷன் தானா வந்துரும்” என்கிறார் அண்ணன். வியாழக்கிழமை பத்திரப் பதிவு. தம்பி சென்னையில், நான் வள்ளியூரில். வி.ஏ.ஓ. மீதும் அண்ணன் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: வியாழக்கிழமைப் பதிவை முதலில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வி.ஏ.ஓ. பேசிய விதம், மாடி வீட்டுக்காரர், மதினி போடாத சோறு ஆகியவற்றை மனுவில் எழுதவே வேண்டாம். அடுத்த தெருக்காரரைக் கைகாட்டினால் அவருடைய பணம் நிற்கலாம், உங்கள் அம்மாவுடையது அதனால் திரும்பி வராது. வி.ஏ.ஓ. மீது வழக்கு என்பது பணத்துக்கும் காலத்துக்கும் பிடித்த கேடு.

சட்டப்படி இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த வீடு உண்மையில் அம்மாவுடையதா? பட்டா அம்மா பெயரில் இருக்கிறது, தீர்வை ரசீதும் மின் இணைப்பும் அம்மா பெயரில் இருக்கின்றன என்பதால் எல்லாரும் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பட்டா உரிமை தரும் ஆவணம் அல்ல. மனையை அப்பா தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியிருந்தால், அவர் உயில் எழுதாமல் போன அன்றே இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு நான்கு பேருக்குச் சமமாக இறங்கிவிட்டது. அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி. மூன்றரை லட்சத்தில் அம்மாவின் பங்கு 87,500 ரூபாய். உதவித்தொகைக்கான அசையாச் சொத்து வரம்பு ஒரு லட்சம். அலுவலகம் முழு வீட்டையும் அம்மா தலையில் ஏற்றிக் கணக்குப் போட்டிருக்கிறது. உங்கள் மேல்முறையீட்டின் அடித்தளம் இதுதான்.

அப்பா இறந்தபோது உங்கள் அப்பாத்தா உயிரோடு இருந்தாரா என்றும் பாருங்கள். இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. பங்கு ஐந்தாகிவிடும், அம்மாவுடையது 70,000-க்கு இறங்கும். ஆனால் அப்பாத்தாவின் பங்கு வழியாகச் சித்தப்பாவும் அத்தையும் உள்ளே வருவார்கள், அதையும் தெரிந்துகொண்டே பேசுங்கள். இந்தக் கணக்கு இந்துக் குடும்பத்துக்கு மட்டுமே. கிறிஸ்தவக் குடும்பமென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, அப்போது வரம்பு தாண்டிவிடும். முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று.

இதற்கு வேண்டியவை அப்பாவின் கிரயப் பத்திரம், அவர் வாங்கிய வருடத்திலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வில்லங்கத்தை நிதானமாகப் பாருங்கள். அப்பா இறந்த பிறகு நீங்கள் மூவரும் அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தால் மேலே சொன்ன வாதம் எல்லாம் போய்விடும். எங்கே கையெழுத்துப் போட்டோம் என்று பலருக்கு நினைவே இருப்பதில்லை.

வாய்மொழிப் பதிலை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, நிறுத்திய உத்தரவின் நகல், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் அறிக்கைகள், சொத்து மதிப்பைக் கணக்கிட்ட தாள் ஆகியவற்றைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். கையில் கிடைத்ததும் மேல்முறையீடு. சேரன்மகாதேவி கோட்டமென்றால் சப்-கலெக்டர், திருநெல்வேலி கோட்டமென்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்). நின்ற மாதங்களின் நிலுவையையும் சேர்த்துக் கேட்கிறோம் என்று மனுவிலேயே ஒரு வரி இருக்கட்டும். கேட்காத நிலுவை வராது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை கொடுக்கும் மனு, நிறுத்திய அதே அலுவலகத்துக்குத்தான் அனுப்பப்படும். அதை மட்டும் நம்பி மாதங்களைக் கழிக்காதீர்கள்.

இனி வியாழக்கிழமை விஷயம். உதவித்தொகைக்காக வீட்டை மகன் பெயருக்கு மாற்றிவிட்டு, கடைசியில் இரண்டும் இல்லாமல் நிற்கும் முதியவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. முதலில், மாற்றினால் பணம் வரும் என்பதே தப்புக் கணக்கு. திட்டம் ஆதரவற்றவருக்கானது. வீடு உள்ள மகனோடு, ஒரே கூரையில், ஒரே ரேஷன் கார்டில் இருக்கும் தாயை ஆதரவற்றவர் என்று எந்த ஆய்வாளர் எழுதுவார்? கார்டை மட்டும் பிரித்துவிட்டு அதே அடுப்பில் சாப்பிட்டாலும் விசாரணையில் தெரிந்துவிடும்.

அடுத்தது பத்திரத்தின் வாசகம். எழுத்தர் வைத்திருக்கும் மாதிரியில், “அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும், யாதொரு நிபந்தனையுமின்றி” என்று இருக்கும். அந்தக் கடைசி இரண்டு சொல்தான் அம்மாவுக்கு வினை. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23, கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திருப்பி வாங்க வழி தருகிறது. ஆனால் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு முதியவர் பக்கம் தாராளமாகப் பொருள்கொள்ளச் சொல்கிறது. அந்த வழக்கிலும் மகன் கவனித்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. “நிபந்தனையின்றி” என்று அம்மாவே கைநாட்டு வைத்தபின் இந்தப் பிரிவை நம்பி இறங்குவது ஆபத்து.

சரி, பத்திரத்தை ரத்து செய்துவிடலாம் என்பார்கள். முடியாது. ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொள்ளாத செட்டில்மெண்டை (குடும்பத்துக்குள் தானமாக எழுதும் பத்திரத்தை) ஒருதலையாக ரத்து செய்து பதிவு செய்ய சார் பதிவாளருக்கு அதிகாரமில்லை என்று 2022 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. பிறகு சிவில் கோர்ட்தான். அதற்குள் அண்ணன் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டால், வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டும்போது உள்ளே இருப்பது அம்மா.

கூடவே உங்களையும் தம்பியையும், “ஒரு கையெழுத்துதான்” என்று விடுதலைப் பத்திரத்துக்கு அழைப்பார்கள். போகாதீர்கள்.

அண்ணன் மீது ஜீவனாம்ச மனு போடலாமா என்றால், போடலாம். அதே கோட்ட அலுவலகத்தில் இருக்கும் பராமரிப்புத் தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும், நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். மகன் மாதம் நாலாயிரம் தர வேண்டும் என்று உத்தரவு வந்தால், அண்ணன் ஒரு பைசா தராவிட்டாலும், அம்மாவுக்கு வருமானம் இருக்கிறது என்று காட்ட உதவித்தொகைக் கோப்பில் அந்தத் தாள் போய் உட்கார்ந்துவிடும். உத்தரவை அமல்படுத்த அதே படியை மறுபடி ஏற வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் அம்மா தூங்குவது அண்ணன் வீட்டுத் திண்ணையில்.

அதனால் சமாதானத்துக்குப் போங்கள். அண்ணனுக்கு வேண்டியது வீடு, அம்மாவுக்கு வேண்டியது சோறும் கைச்செலவும். நால்வரும் உட்கார்ந்து பதிவு செய்த குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதலாம். அம்மாவுக்கு ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை, அவர் காலம்வரை அண்ணன் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, மாதம் இன்ன தேதிக்குள் அம்மா கணக்கில் இவ்வளவு, இரண்டு மாதம் தவறினால் ஏற்பாடு ரத்து. பணம் கையில் கொடுப்பதாக இருக்கக் கூடாது, வங்கி வழியாகத்தான் வர வேண்டும். இதற்கு நீங்களும் தம்பியும் உங்கள் பங்கைக் கொஞ்சம் விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குத் தயாரில்லை என்றால் அண்ணனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இதை எழுதியபின் உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். போகட்டும். வருடத்துக்கு 14,400 ரூபாய் அது. மூன்று பிள்ளைகள் மாதம் ஆளுக்கு 400 போட்டால் தீர்ந்தது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மா சுற்றிய பீடிக் கம்பெனியில் பி.எஃப். பிடித்தார்களா? பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதிலிருந்து ஓய்வூதியம் உண்டு, 2014 முதல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். வீடு, மகன் என்று எந்த நிபந்தனையும் அதற்குக் கிடையாது. பழைய பாஸ்புக், பி.எஃப். எண் உள்ள சீட்டு ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். ஓய்வூதியக் கணக்கில் சேர்ந்த பணத்தையும் முன்பே மொத்தமாக எடுத்திருந்தால் கிடைக்காது. கிடைத்தால், அதை மறைத்து உதவித்தொகைக்கு மனு போடாதீர்கள், ஆதார் எண்ணில் இரண்டும் தெரியும்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் வக்கீல் நியமிப்பார்கள், அண்ணனைச் சமரசத்துக்கு அழைக்கும் கடிதமும் அங்கிருந்தே போகும்.