நன்றாகப் பேசும் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்குமா?

சகோதரி, உங்கள் 8 வயது மகன் சரளமாகப் பேசுவதால் ஆட்டிசமாக இருக்காது என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பேச்சை மட்டும் வைத்து அப்படித் தள்ளிவிட முடியாது. டீச்சர் "இன்னொரு தடவை பேசித்தான் பாரேன்" என்று மிரட்டியதும் அவன் மறுபடி பேசியது திமிராக எனக்குப் படவில்லை, பாவம். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறான். குரலில் இருந்த கோபம் அவனுக்குப் பிடிபட்டிருக்காது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் இப்படித்தான்.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. நிபுணர் அவனைக் கவனித்து, சின்ன வயது விவரங்களை உங்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, விசாரியுங்கள். அதுவரை டீச்சரிடம், "இப்போது பேசாதே" என்று நேராகவே சொல்லச் சொல்லுங்கள்.