சேற்றில் புதைந்த லோடு டிப்பரை இழுக்க எந்தக் கயிறு, எந்த ஷேக்கிள் (கயிற்றை வண்டியோடு மாட்டும் U வடிவ இரும்புக் கொக்கி) வாங்கலாம்?

அறுபடும் எடையைப் பார்த்து வாங்காதீர்கள். பாதுகாப்பாகத் தாங்கும் வேலைப் பளுவை, அதாவது டபிள்யூ.எல்.எல். எண்ணைப் பாருங்கள். கிரேடு 80 எனும் உறுதியான எஃகுச் சங்கிலி அந்த எண்ணைப்போல 4 மடங்கில் அறும், வயர் ரோப் எனும் எஃகுக் கம்பிக் கயிறு பொதுவாக 5 மடங்கில்.

அச்சு வரை புதைந்த வண்டியை அசைக்க அதன் மொத்த எடை அளவுக்கே இழுவை தேவைப்படலாம். அதனால் முதலில் லோடை இறக்கி, டயருக்கு முன்னால் மண்ணைத் தோண்டுங்கள்.

வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) கயிற்றைப் புதைந்த வண்டியில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பி, நுனியை வின்ச் பக்கமே கட்டினால் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால் கப்பியை மாட்டிய ஷேக்கிளும் அந்த இரட்டைப் பளுவைத் தாங்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பளு எண் பொறிக்காத ஷேக்கிளைத் தொடவே தொடாதீர்கள்.

சங்கிலியை வெடுக்கென்று இழுக்காதீர்கள், அதற்கு நெகிழ்வு கிடையாது. அப்புறம், கயிற்றின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள்.