எந்த ஆசிரியரின் சம்பளம்?

அன்புள்ள ஐயா,

ஆசிரியர்கள் சென்னையில் மறியல் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிறவர்கள் தெருவில் உட்கார்ந்து கோஷம் போட்டால் மாணவன் எப்படி மதிப்பான்? என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் யாரும் போராடுவதில்லையே?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

இருபத்தைந்து வருட சர்வீஸ் உள்ள மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு லட்சம் வருவது உண்மைதான். தெருவுக்கு அடிக்கடி வருகிறவர்கள் வேறு ஆட்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 மே 31 வரை சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய் என்று நிர்ணயமானது. மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே பயிற்சி, அதே புத்தகம், அடுத்தடுத்த வகுப்பறை. அகவிலைப்படியும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்காவதால் அந்த 3,170 ரூபாய் அப்படியே நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று இவர்கள் அட்டை பிடிப்பது பேராசையா?

இன்னொரு கூட்டம் பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், தையல், உடற்கல்விக்கென்று 2012-ல் பதினாறாயிரம் பேருக்கு மேல் எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். பத்து வருடம் கழித்து, 2022-லும் அது 10,000-ஆகத்தான் இருந்தது. மே மாதம் பள்ளி இல்லை என்று அப்போது சம்பளமும் தரவில்லை. (வீட்டு வாடகைக்குக் கோடை விடுமுறை உண்டா என்று தெரியவில்லை.) எனக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் மற்ற நேரத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதுவார். ஒருநாள் ஜவுளிக்கடை வாசலில் ஏணிமேல் நின்றவரைப் பார்த்து, அப்பாவோடு வந்த ஒரு பையன் “வணக்கம் சார்” என்றான். அந்த அப்பா ஆசிரியரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையனிடம் கேட்டார்: “இவரா உங்க சாரு?”

மாணவன் மதிப்பானா என்று கேட்டிருந்தீர்கள். அவன் மதித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தனியார் பள்ளியில் யாரும் போராடாததற்குக் காரணம் திருப்தி அல்ல. வாய் திறந்தால் அடுத்த ஜூனில் வேலை இருக்காது. பி.எட். முடித்துப் பத்து பன்னிரண்டாயிரத்துக்குப் பாடம் நடத்துகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் லட்ச ரூபாய் ஆசிரியர்களில் பலர் தங்கள் பிள்ளைகளை இவர்களிடம்தான் அனுப்புகிறார்கள் என்பது தனிக் கூத்து. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், மகளின் வகுப்பு டீச்சருக்கு என்ன சம்பளம் என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். டீச்சரிடம் கேட்காதீர்கள், அவரால் பதில் சொல்ல முடியாது.